மலைச்சரிவு வீடும் ஏழு நாள் மழையும்

கேமரன் மலையில் வசிக்கும் மாணவர்களுக்கு மழையை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ரிங்லெட் முதல் கம்போங் ராஜா வரை எங்கே இருந்தாலும், மதியம் வரை பளிச்சென்று இருந்த வானம் மூன்று மணிக்கு இருண்டு, பள்ளிவிட்டு வீடு திரும்பும் நேரத்தில் கொட்டத் தொடங்குவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை பெறும் இடம் இது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னொரு முறையும் மழை உச்சத்துக்குப் போகும். தேயிலைக்கு இந்த மழை வேண்டும். 1929-இல் இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டதற்கும், அதன் பின் நம் மக்கள் இந்தச் சரிவுகளில் வந்து குடியேறியதற்கும் இந்த மழையும் குளிரும்தான் காரணம்.

இப்போது ஒரு கேள்வி. நேற்று உங்கள் வீட்டுக் கூரைமேல் எத்தனை மி.மீ. மழை பெய்தது? சரி, கடந்த ஏழு நாளில் மொத்தம் எத்தனை?

‘நல்ல மழை’ என்போம், ‘பேய் மழை’ என்போம். எண்ணைக் கேட்டால் விழிப்போம். சமவெளியில் வாழ்பவர் அந்த எண் தெரியாமலேயே காலத்தை ஓட்டிவிடலாம். வீட்டுக்குப் பின்னால் மண்சரிவு நிற்கிறதென்றால் அப்படி இருக்க முடியாது. அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை வைத்து எப்போது என்ன முடிவெடுப்பது என்பதுதான் இந்த வாரப் பாடம்.

நடந்தவை சில

2011 ஆகஸ்டு 7-ஆம் தேதி, பிரிஞ்சாங் அருகே சுங்கை ருயில் பூர்வகுடியினர் கிராமத்தில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 26-ஆம் தேதி அதிகாலையில், புளூ வேலி பகுதியில் தூங்கிக்கொண்டிருந்த 5 மியன்மார் தொழிலாளர்கள் மண்ணில் புதைந்தார்கள். இவற்றுக்கு இடையில், 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணிக்கு மேல், சிலாங்கூர் பத்தாங்காலியில் ஒரு முகாம் தளத்தின்மேல் மலைச்சரிவு இறங்கியதில் 31 உயிர்கள் போயின. அந்தச் செய்தி உங்களுக்கு நினைவிருக்கும்.

தேயிலை இருக்கும் இடங்களில் எல்லாம் இந்தக் கதை இருக்கிறது. கேரளாவின் மூணாறு அருகே பெட்டிமுடி தோட்டத்தில், 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு பத்தே முக்கால் மணி அளவில், மேலே காட்டுச் சரிவிலிருந்து இறங்கிய மண் நான்கு லயங்களை அடித்துச் சென்றது. எழுபது பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஏற்கெனவே அறுந்து கிடந்ததால், செய்தி வெளியே போய்ச் சேர மறுநாள் காலையானது. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் நடந்ததும் பின்னிரவில்தான். அங்கே இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல்.

நேரங்களைக் கவனித்தீர்களா? பின்னிரவு, அதிகாலை, இரவு. இரவில்தான் மண் சரியும் என்று இயற்கையில் விதி எதுவும் கிடையாது. இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியாபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29-ஆம் தேதி லயங்கள் புதைந்தது காலை ஏழரை மணி வாக்கில். பல பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்ததால் பிழைத்தார்கள். ஆனால் இரவில் நடக்கும்போது மக்கள் எல்லாரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், தூங்குகிறார்கள், மலை காட்டும் அறிகுறி எதையும் பார்க்க முடிவதில்லை. இருட்டு அந்த ஆபத்தைப் பல மடங்காக்கிவிடுகிறது.

மண் ஏன் பிடிக்கிறது, ஏன் விடுகிறது

ஒரு தட்டில் காய்ந்த மணலைக் குவியுங்கள். குவியல் சரிந்து பரந்துவிடும். அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். இப்போது செங்குத்தாகக்கூடச் சுவர் கட்டலாம். கடற்கரையில் மணல்வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் சுவர் இளகி, கூழாகி ஓடிவிடும்.

மூன்று நிலையிலும் மணல் ஒன்றுதான். மாறியது தண்ணீரின் அளவு. ஈரம் குறைவாக இருக்கும்போது, மண் துகள்களுக்கு இடையே தண்ணீர் மெல்லிய படலமாக நின்று, பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளிகள் முழுதும் தண்ணீரால் நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பு மறைந்துவிடும். அதற்கும் மேலே தண்ணீர் சேர்ந்தால், அது துகள்களை விலக்கித் தள்ளத் தொடங்கும். துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி நிற்பதால்தான் உராய்வு உண்டாகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும்.

இதைச் சாப்பாட்டு மேசையிலேயே பார்க்கலாம். ஈரமான வழுவழுப்பான மேசையில், அடியில் வளையம் உள்ள ஒரு கிண்ணத்தில் சூடான ரசத்தை ஊற்றி வையுங்கள். சில நேரம் கிண்ணம் யாரும் தொடாமலே நகரும். அடியில் மாட்டிக்கொண்ட காற்று சூடாகி விரிந்து, கிண்ணத்தை ஒரு மயிரிழை அளவு தூக்குகிறது. உராய்வு போய்விடுகிறது. மலைக்குள் அந்தத் தூக்கும் வேலையைச் செய்வது மண் இடைவெளிகளில் தேங்கிய தண்ணீரின் அழுத்தம்.

கேமரன் மலையின் அடிப்பாறை பெரும்பாலும் கருங்கல். வெப்பமும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாக அதை அரித்து, மேலே பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கி வைத்திருக்கின்றன. இன்று பெய்யும் மழை அந்த ஆழத்துக்கு இன்றே போய்ச் சேராது. மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் ஊறி இறங்கும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இன்றைய மழையை மட்டும் பார்த்து ஆபத்தை எடைபோட முடியாது. ஒரு வாரமாக ஊறிய மலைக்குச் சாதாரண மழையே போதுமானதாகிவிடும். இரண்டாவது, மழை நின்றபின்னும் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருப்பதால், ‘மழை விட்டது, இனி பயமில்லை’ என்பது தவறு.

பத்தாங்காலி நிலச்சரிவை ஆராய்ந்த அரசாங்க அறிக்கை சொன்னதும் இதையே. சரிவுக்கு முந்தைய 5 நாளில் சுமார் 118 மி.மீ., 30 நாளில் சுமார் 444 மி.மீ. மழை பெய்திருந்தது. ஐந்து நாளுக்கு 118 மி.மீ. என்பது நமக்கு ஒரு பெரிய கணக்காகவே தோன்றாது. அதற்குப் பின்னால் நின்ற ஒரு மாத மழையைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

எடையையும் ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர், அதாவது 1 கிலோகிராம். உங்கள் லயத்துக்குப் பின்னால் 50 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள சரிவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2,000 சதுர மீட்டர். 100 மி.மீ. மழையில் அதன்மேல் விழும் தண்ணீர் 2 லட்சம் லிட்டர், 200 டன். அதில் பாதி ஓடிவிட்டது என்றாலும், மீதி 100 டன் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

‘தேயிலைச் செடி மண்ணைப் பிடித்துக்கொள்ளாதா?’ என்று சிலர் கேட்பார்கள். பிடிக்கும், ஓரளவுக்கு. நெருக்கமாக வளர்ந்த தேயிலை, மழைத்துளி நேரே மண்ணில் அறையாமல் தடுக்கிறது. மேல்மண் அரித்துப் போவதைக் குறைக்கிறது. விதையிலிருந்து வளர்ந்த பழைய செடிகளுக்கு ஆணிவேர் உண்டு. தண்டை வெட்டி நட்டு வளர்த்த புதிய செடிகளுக்கு அந்த ஆணிவேர் இல்லை. எந்த வகையானாலும், வேர் எட்டும் ஆழத்துக்குக் கீழே உள்ள மண் நழுவினால், செடிகளும் சேர்ந்தே பயணம் போகும். நிலச்சரிவுப் படங்களில் தேயிலைப் பாத்திகள் கலையாமல் அப்படியே கீழே இறங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

பச்சைக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வேறு வகைச் சிக்கல். ஒரு ஹெக்டர் கூரைமேல் 50 மி.மீ. மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் தண்ணீர். காட்டிலும் தேயிலையிலும் அதில் ஒரு பங்கை மண் குடித்துவிடும். பிளாஸ்டிக் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. அவ்வளவும் ஒரே நேரத்தில் வாய்க்காலுக்கு வரும். அந்த வாய்க்கால் உங்கள் வீட்டுப் பக்கமாகப் போகிறதா என்பது நீங்கள் நடந்துபோய்ப் பார்க்க வேண்டிய விஷயம்.

உங்கள் வீட்டு மழைமானி

வயநாட்டில் கல்பெட்டாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம், மாவட்டம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் எளிய மழைமானிகளை வைத்திருக்கிறது. விவசாயிகளும் தோட்டத்தில் வசிப்பவர்களும் தினமும் அளந்து எண்ணை அனுப்புகிறார்கள். 2024 ஜூலை இறுதியில் புத்துமலை மானியில் இரண்டு நாளில் 570 மி.மீ.க்கு மேல் பதிவானது. எண்கள் ஏறுவதைப் பார்த்து, முண்டக்கை பக்கம் நிலச்சரிவு ஏற்படலாம் என்று அந்த மையம் முந்தைய நாளே எச்சரித்தது. எச்சரிக்கைக்கும் மக்கள் வெளியேறுவதற்கும் இடையிலான பாலம்தான் உடைந்துபோனது. ஆனாலும் ஒன்று உறுதியாயிற்று: ஒரு புட்டியும் ஓர் அளவுகோலும் கையில் இருந்தால், சாதாரண மக்களே மலையின் நிலையை அறிந்துகொள்ள முடியும்.

செய்முறை இதுதான். பக்கங்கள் நேராக உள்ள 1.5 லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை எடுத்து, மேல்பகுதி குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல உள்ளே செருகுங்கள். புட்டியின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, நேரான பகுதியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ‘0’ என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே மி.மீ. அளவுகளைக் குறியுங்கள். கூரை, மரம், துணிக்கொடி எதுவும் மேலே இல்லாத இடத்தில், காற்றில் சாயாதபடி கட்டி வையுங்கள்.

தினமும் காலை 8 மணிக்கு அளவைப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி, தண்ணீரை மறுபடி ‘0’ கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அருகிலேயே இன்னொரு கட்டம் போட்டு, கடைசி ஏழு நாளின் கூட்டுத்தொகையை எழுதுங்கள். இத்தனை மி.மீ. வந்தால் சரியும் என்று எல்லா மலைக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. சரிவின் கோணம், மண்ணின் ஆழம், யார் எங்கே வெட்டினார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆகவே உங்கள் நோட்டுதான் உங்கள் அளவுகோல். ஆறு மாதம் எழுதினால், உங்கள் சரிவுக்கு எது வழக்கம், எது வழக்கத்தை மீறியது என்பது தெரிந்துவிடும்.

மலை காட்டும் அறிகுறிகள்

மழை ஓய்ந்த ஒரு பகல் வேளையில், அப்பா அல்லது அம்மாவுடன் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம்.

தரையில் அல்லது சுவரில் புது விரிசல் இருக்கிறதா? பழைய விரிசல் என்றால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி அது வளர்ந்தால் வீடு நகர்கிறது. நேற்று வரை சுலபமாக மூடிய கதவு இன்று நிலையில் சிக்கினால், அதற்குக் காரணம் மரம் ஈரத்தில் உப்பியதாகவும் இருக்கலாம், அடித்தளம் சாய்ந்ததாகவும் இருக்கலாம். ஜன்னலும் சேர்ந்து சிக்கினால் இரண்டாவது காரணத்தையே சந்தேகியுங்கள். மின்கம்பமும் வேலிக்கம்பமும் சாய்ந்திருக்கின்றனவா? தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? அதில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் குழாய்களில், இவ்வளவு மழைக்குப் பின்னும் தண்ணீர் வராமல் இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். குழாய் அடைத்திருக்கிறது, தண்ணீர் சுவருக்குப் பின்னால் சேர்கிறது என்று பொருள்.

சரிவின் அடியில் இதுவரை இல்லாத ஊற்று ஒன்று தோன்றுவதும், தெளிவாக வந்த தண்ணீர் திடீரெனக் கலங்குவதும் இவற்றைவிடத் தீவிரமான அறிகுறிகள். எல்லாவற்றையும்விடப் பலரை ஏமாற்றுவது ஓடை. கொட்டும் மழையில் ஓடை நீர் திடீரென்று குறைந்தால், ‘வெள்ளம் வடிகிறது’ என்று நிம்மதி அடைகிறோம். மேலே எங்கோ மண்ணும் மரமும் விழுந்து ஓடையை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடையும்போது தேங்கிய தண்ணீர், மண், பாறை எல்லாம் ஒன்றாக வரும். சேறும் கல்லும் கலந்த அந்தக் கலவை தண்ணீரைவிட ஏறத்தாழ இரு மடங்கு வரை அடர்த்தியானது. அதனால்தான் அது பாறைகளையே மிதக்கவிட்டுக் கொண்டுவருகிறது.

மாலை ஆறு மணி

இப்போது பாடத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். இரவு இரண்டு மணிக்கு, மின்சாரம் இல்லாமல், மழைச் சத்தத்தில் எது இடி எது மலை என்று தெரியாத நிலையில் சரியான முடிவெடுப்பது யாராலும் முடியாத காரியம். ஆகவே முடிவை வெளிச்சத்திலேயே எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஏழு நாள் கூட்டுத்தொகை வழக்கத்தைவிட மிகவும் ஏறியிருக்கிறதா? இன்று இரவுக்கு எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா? சரிவில் ஏதாவது மாறியிருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் ‘ஆம்’ என்றாலும் அன்றிரவு அந்த வீட்டில் தூங்கக்கூடாது. முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றாலும் அப்படியே. இரண்டாவது கேள்விக்கு விடை, மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியில் கிடைக்கும். தொடர்மழை எச்சரிக்கைக்கு மூன்று படிகள்: மஞ்சள் நிறத்தில் வஸ்பாடா, ஆரஞ்சு நிறத்தில் புருக், சிவப்பில் பஹாயா. இடிமழை எச்சரிக்கை இதிலிருந்து வேறு. மணிக்கு 20 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் அறிகுறி தெரியும்போது, சில மணி நேரத்துக்கு மட்டும் செல்லும்படியாக அது வெளியிடப்படும். காலையில் பார்த்தது மாலைக்கு உதவாது. ஆறு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும்.

எங்கே போவது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். சமதரையில் உள்ள உறவினர் வீடு, கோயில் மண்டபம், தோட்டத்து மண்டபம், அல்லது பிபிஎஸ் எனப்படும் தற்காலிக நிவாரண மையம். அந்த இடமும் வேறொரு சரிவின் அடியிலோ ஓடை வாயிலிலோ இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டி வரமாட்டேன் என்பார். அவருடைய மருந்தையும் சாமி படத்தையும் முதலில் பையில் வைத்துவிட்டுப் பேசினால் பாதி வாதம் முடிந்துவிடும் என்பது என் அனுபவம். பையில் மைகார்டு, பிறப்புப் பத்திரம், கைவிளக்கு, மின்னேற்றிய பவர் பேங்க், குடிநீர் ஆகியவற்றோடு, நீர்புகாத பிளாஸ்டிக்கில் சுற்றிய காய்ந்த துணி கட்டாயம் வேண்டும். இங்கே இரவு வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். நனைந்த உடையோடு விடியும்வரை உட்கார்ந்தால் குழந்தைகளின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

பக்கத்து லயத்தில் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் நாடுகளிலிருந்து வந்தவர்கள் இருக்கலாம். மலாய் எச்சரிக்கையை அவர்கள் படித்துப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. லயத்தை எங்கே கட்டுவது என்பதை அதில் குடியிருக்கும் தொழிலாளி தீர்மானிப்பதில்லை. மீரியாபெத்த பகுதி ஆபத்தானது என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. மக்கள் போய்க் குடியிருக்க மாற்று வீடு இல்லாததால் அங்கேயே இருந்தார்கள். ஆகவே விரிசலைக் கண்டால் வீட்டுக்குள் பேசிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். தேதியோடு படம் எடுத்து, தோட்ட அலுவலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் பெரியவர்கள் மூலம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் மழை நோட்டின் ஒரு பக்கத்தையும் அதோடு இணைக்கலாம்.

மழை கொட்டும்போது

வீட்டிலேயே இருக்க நேர்ந்தால், மலைப்பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம். மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். ஒருவர் விழித்திருக்க, மற்றவர்கள் முறைவைத்துத் தூங்கலாம். மரங்கள் முறியும் சத்தம், பாறைகள் மோதும் சத்தம், கனரக லாரி வருவதுபோன்ற உறுமல், ஈரமண்ணின் திடீர் வாடை ஆகியவை வந்தால் உடனே வெளியேறுங்கள். ஓடும் திசை முக்கியம். சரிவு இறங்கும் பாதையிலேயே கீழ்நோக்கி ஓடினால் மண்ணோடு போட்டி போடுகிறீர்கள்; அதில் ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில், மேடான இடத்தை நோக்கி ஓடுங்கள். பிறகு 999.

பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வரும். சுங்கை பெர்தாம் ஆறு ரிங்லெட் ஏரியில் கலக்கிறது. அதைத் தேக்கி நிற்பது 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை. மேலே காடு அழிக்கப்பட்ட சரிவுகளிலிருந்து வந்த வண்டல், ஏரியின் கொள்ளளவில் கணிசமான பகுதியை அடைத்துவிட்டது. பாதி மண் நிரம்பிய வாளியில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் வழிகிறது என்று. அணை தாங்காத அளவுக்கு நீர் ஏறினால் திறந்துவிட்டே ஆக வேண்டும். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் அப்படித் திறந்துவிடப்பட்ட நீர், சேற்றோடு பெர்தாம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி மறுபடியும் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. அணைக்குக் கீழே எச்சரிக்கைச் சங்குகள் உள்ளன. அதன் ஒலி எப்படி இருக்கும், அது கேட்டால் எந்தப் பாதையில் மேலேறுவது என்பதை ஒத்திகை நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஓடும் நீர் 30 செ.மீ. உயரம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும்.

மின்னலைப் பற்றிச் சுருக்கமாக: தேயிலைச் செடி இடுப்பளவுதான். கொழுந்து பறிப்பவரே அந்தச் சரிவில் உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் 1 கிலோமீட்டர் தூரம். 30 விநாடிக்குள் இடி கேட்டால், எந்திரத்தையும் கத்தரியையும் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போக வேண்டும். தனி நிழல்மரம் பாதுகாப்பல்ல. கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே திரும்பலாம்.

விடிந்தபின்

வயநாட்டில் அன்றிரவு முதல் சரிவு ஒரு மணிக்கு மேல் வந்தது. நான்கு மணி வாக்கில் இன்னொன்று வந்தது. ஆகவே பணப்பையை எடுக்கவோ நாயை அவிழ்த்துவிடவோ உடனே திரும்பிப் போகக்கூடாது. போம்பா எனப்படும் தீயணைப்பு மீட்புத் துறையினரோ அதிகாரிகளோ சொன்னபின் பகலில்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். யாரைக் காணவில்லை, அவர் எந்த அறையில் தூங்கினார் என்பதைத் தெளிவாகச் சொல்வது மீட்புக் குழுவுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

நனைந்த சுவிட்சைத் தொடாதீர்கள். எரிவாயு வாடை வந்தால் விளக்கையும் போடாதீர்கள். மலை ஓடையிலிருந்து குழாய் இழுத்த வீடுகளில் தண்ணீர் சில நாள் கலங்கி வரும். தெளியவைத்து, வடிகட்டி, நன்கு கொதிக்கவைத்துக் குடியுங்கள். சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த சேறு, காலில் உள்ள சிறு வெட்டு வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் சாதாரணக் காய்ச்சல் என்று நினைக்க வாய்ப்புண்டு.

செய்து பாருங்கள்

கீழே இருப்பவை இரண்டு கற்பனை வீடுகளின் மழை நோட்டுகள். கடைசி எண், இன்று மாலை ஆறு மணி வரை பெய்தது. அளவு மி.மீ.

வீடு அ: 0, 0, 5, 0, 0, 0, 80
வீடு ஆ: 35, 42, 28, 50, 38, 45, 20

இரண்டு வீடும் ஒரே மாதிரிச் சரிவின் அடியில் உள்ளன. இரண்டு இடத்துக்கும் இன்றிரவு இடிமழை எச்சரிக்கை இருக்கிறது. ‘அ’ வீட்டுப் பின்வாய்க்கால் விளிம்பு வரை ஓடுகிறது. ‘ஆ’ வீட்டில் இப்போது தூறல்தான். ஆனால் காலையிலிருந்து சமையலறைக் கதவும் ஜன்னலும் மூட மறுக்கின்றன. ஏழு நாள் கூட்டுத்தொகைகளைக் கண்டுபிடியுங்கள். இரண்டு வீட்டாருக்கும் வரக்கூடிய ஆபத்து ஒரே வகையா? யார் முதலில் கிளம்ப வேண்டும், ஏன்? விடையை எழுதி, இன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில் உள்ளவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.